ஐந்து கிராம்

பத்தாம் வகுப்புப் பாடத்தில்
அகிலையும் சந்தனத்தையும் உருட்டிக்கொண்டு
ஓர் ஆறு வந்தது.
ஆறு கொண்டுவந்தவை யாவை? இரண்டு மதிப்பெண்.
அகில் என்றால் என்னவென்று
வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்பதற்கு மதிப்பெண் இல்லை.

மனாமா சூக்கில், தங்கக் கடைகளைத் தாண்டி
மூன்றாவது சந்தில்
இப்போது நான் அதை நிறுத்துக் கொடுக்கிறேன்.
இங்கே அதற்குப் பெயர் ஊத்.
கம்போடியா, அசாம், கலிமந்தான் என்று
கண்ணாடிப் பெட்டிகளுக்குள் காடுகள் கிடக்கின்றன,
தோலாக் கணக்கில்.
என் ஆறு மாதச் சம்பளம்
ஓர் உள்ளங்கையில் அடங்கும்.
விரல்களை மடக்கினால் வெளியே தெரியாது.

கறுத்தது நல்லது.
நீரில் மூழ்குவது அதைவிட நல்லது.
வெளுத்தது வெறும் விறகு.
தெரிந்துகொள்ள அவ்வளவுதான்; மீதி மூக்கு.

முதலாளிக்குப் பரிசு வாங்க வந்த
விருதுநகர்க்காரர் ஒருவர்
ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக் கண் கலங்கினார்.
"இந்த மரம் நம்ம மாதிரி, சிஸ்டர்.
காயம் பட்டாத்தான் மணக்கும்."
பத்து மரத்துக்குக் காயம் பட்டால்
ஒன்று மணக்கும், சார்.
ஒன்பது மக்கிப்போகும்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தள்ளுபடி உண்டா என்றார்.

செவ்வாய்க்கிழமை
சில்ஹெட்டிலிருந்து வந்த கட்டையில்
ஹெலால் வெளுப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.
உளி
ணங் என்றது.
மரத்துக்குள் இருக்கக் கூடாத சத்தம்.

குறட்டால் இழுத்தோம்.
ஓர் ஆணி. பாதி இரும்பு, பாதி துரு.
அதைச் சுற்றி மட்டும் கறுப்பு,
மைக்கூடு கவிழ்ந்ததுபோல், விரற்கடை தூரம்.
அதற்கப்பால் மரம்
எதுவும் நடக்காத முகத்தோடு வெளுத்திருந்தது.

அபு ஜாசிம் ஆணியைத் தராசில் போட்டார்.
ஐந்து கிராம்.
ஐந்து கிராம் இரும்பை ஊத் விலைக்கு
என் தலையில் கட்டியிருக்கிறாய் என்று
ஃபோனில் கத்தினார்.
மறுமுனையில் சலாம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நானும் ஹெலாலும் பேசுவது இந்தியில்.
இருவருக்கும் அது இரவல்;
அதனால் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்போம்.
பள்ளி விட்டதும் தோட்டத்துக்குப் போவார்களாம்.
மரத்துக்கு இத்தனை டாக்கா.
அடியிலிருந்து மேலாக, சாணுக்கு ஒன்று.
எட்டாத உயரத்துக்கு
இவன் தோளில் தம்பி ஏறுவான்.

மரத்துக்கு வலிக்குமான்னு கேட்டதுண்டா அவன்?
"ஆணி வளையுமான்னு கேட்பான், தீதி.
வளைந்தால் கூலியில் பிடிப்பார்கள்."

இது நீங்கள் அடித்ததாக இருக்குமோ?
"லட்சம் ஆணி" என்று சிரித்தான்.
தூளைத் தூரிகையால் கூட்டினான்
(தூளுக்கும் விலை உண்டு).
"இருக்கலாம்" என்றான்.
பிறகு ஆணி இருந்த துளையை
விளக்கடியில் பிடித்துக் காட்டினான்.
நேராக இறங்கவில்லை, வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
"தம்பி இடக்கையன்."

தம்பி இப்போது தோஹாவில் லிஃப்ட் பொருத்துகிறான்.
படம் அனுப்பினான் ஹெலால்.
இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது:
வளையலையே, பாத்தியா?

ஆணியை டேப் போட்டு பில்லில் ஒட்டிவிட்டார்
அபு ஜாசிம். சாட்சிக்காம்.

கடை மூடும் வேளையில் தினமும்
கரியின் மேல் ஒரு துணுக்கு வைப்பார்.
ஊத் சுற்றி வந்தால் எழுந்து கிளம்ப வேண்டும்,
இந்த ஊர் வழக்கம் அது.
விருந்தாளியும் இனி உட்கார மாட்டார்.
அன்று வைத்தது
ஆணியைச் சுற்றியிருந்த கறுப்பு.

முதலில் ஈரத் துணி வாடை. அப்புறம் தேன்.
அப்புறம், பெயர் தெரியாத ஒன்று
என் முந்தானையில் ஏறிக்கொண்டது.
நான் எழுந்து பையை மாட்டினேன்.

ஹெலால் எழவில்லை.
முக்காலியில் அமர்ந்து
கைகளை முழங்கால் மேல் வைத்திருந்தான்.

அபு ஜாசிம் ஒன்றும் சொல்லவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வெளியே நின்று
சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.